கோடிக்கரையில் ஒரு நாள்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு மாணவர்கள் வந்து நின்றபோது, வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றி எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். வரலாற்றுத் துறைக்காரனிடம் வேறு எதை எதிர்பார்ப்பார்கள்? எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மண்ணை நினைத்தவுடன் 1930-ஆம் ஆண்டு என் முன் வரவில்லை. சென்ற தை மாதத்தில் நானும் என் துணைவியும் அங்கே காலாற நடந்து திரிந்த ஒரு நாள்தான் வந்து நின்றது. வருகிற மே மாதத்தோடு ஓய்வு பெறப் போகிறவனுக்கு இந்த ஒரு முறை சலுகை காட்டலாம் அல்லவா?

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்து கோடிக்கரை இரண்டு பேருந்து மாறிப் போகும் தொலைவுதான். இருந்தும் மணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாங்கள் இருவருமாக அங்கே போனதே கிடையாது. நான் போயிருக்கிறேன், மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐந்தாறு முறை. அவளும் போயிருக்கிறாள், தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கடலாடத் தன் தாய்வீட்டாரோடு. கோடிக்கரைக் கடலை ஆதிசேது என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஆக, இருவருக்கும் தெரிந்த ஊர். இருவருமாகத் தெரியாத ஊர்.

அதற்குக் காரணம் உண்டு. அவள் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை. நான் மாறுதல் ஆணை வந்த ஊருக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன். பதினோரு ஆண்டுகள் நான் சனிக்கிழமைக் கணவன், ஞாயிற்றுக்கிழமைத் தந்தை. திங்கட்கிழமை விடியற்காலையில் முதல் பேருந்துக்குக் கிளம்பும்போது மகன் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பாள். நான் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்த விளக்கு அணையும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் கண்டேன்.

இனி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பயணம் அன்பு மிகுதியால் ஏற்பட்டதன்று. சென்னையில் வேலை பார்க்கும் மகன், நான் ஓய்வு பெற்றதும் இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றும், ஊரில் உள்ள வீட்டையும் கொல்லையையும் விற்றுவிட்டால் அங்கே ஒரு வீடு வாங்க வசதியாக இருக்கும் என்றும் தொலைபேசியில் கேட்டிருந்தான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். உடனே சொன்னேன். அவளைக் கேட்கவில்லை. கேட்காதது மறதியால் அன்று. கேட்டால் என்ன முகம் காட்டுவாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அந்தக் கொல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்தது. காலையில் கதவைத் திறந்தபோது இருபத்து மூன்று தென்னைகளில் இரண்டுதான் நின்றன. நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். சாலையெல்லாம் மரங்கள் கிடந்ததால் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியவள் அவள். மறு ஆண்டு ஆடியில் இருபது நெட்டை ரகக் கன்றுகளை வாங்கி நட்டவளும் அவள்தான். முட்டிவலியோடு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். விருப்ப ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் அதுவே வேலை. சென்ற ஐப்பசியில்தான் ஒரு மரம் முதல் பாளை விட்டது. அந்த மரத்தை நான் தொலைபேசியில் விற்றுவிட்டேன்.

எனவே, கோடிக்கரைக்குப் போகலாமா என்று நான் கேட்டது ஒரு சூழ்ச்சி. காட்டையும் கடலையும் காட்டி, மனம் குளிர்ந்திருக்கும் வேளையில் செய்தியைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். "என்ன திடீர்னு?" என்று ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி, போவோம். புளிச்சோறு கிண்டிக்கிறேன்" என்றாள்.

வேதாரண்யத்தில் இறங்கிக் கோயிலில் கும்பிட்டோம். அப்பர் பாடித் திறந்த கதவைச் சம்பந்தர் பாடி அடைத்த தலம் அது. திறப்பதற்குப் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அடைப்பதற்கோ ஒரு பாட்டே போதுமாயிற்று. எங்கள் வீட்டிலும் வழக்கம் அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். "அடைக்கிறது யாரு?" என்று கேட்டாள். நான் கடைத்தெருப் பக்கம் திரும்பி, அவளுக்குப் பிடித்த அல்வாவில் கால் கிலோ வாங்கிக்கொண்டேன். அல்வாவும் சூழ்ச்சியில் ஒரு பகுதி.

கோடிக்கரைப் பேருந்து அகத்தியம்பள்ளியைத் தாண்டும்போது உப்பளங்கள் வந்தன. சென்ற பருவத்து உப்பைக் குவித்துக் கீற்று வேய்ந்து மூடியிருந்தார்கள். மழைநீர் வடியும் பாத்திகளுக்கு அப்பால், தொலைவில் பூநாரைகள் ஒரு வெண்கோடு போல நின்றன. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்து புறப்பட்டது, 28-ஆம் நாள் வேதாரண்யம் வந்து சேர்ந்தது, 30-ஆம் நாள் இங்கே உப்பள்ளியது, இராஜாஜி கைதானது, வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களுக்குத் துணை நின்றது என்று வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். அவள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "அத்தனை பேருக்கும் வழியில் சோறு போட்டது யாருன்னு உங்க புத்தகத்தில் இருக்கா?" என்றாள். உணவு தந்தால் சிறை என்று ஆட்சியாளர் அச்சுறுத்தியும் ஊர் மக்கள் உணவு தந்தார்கள் என்ற அளவில் இருக்கிறது. அடுப்படியில் நின்ற பெண்களின் பெயர்கள் இல்லை. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

கோடியக்காட்டில் இறங்கினோம். ஊரின் தலைக்கு மேல் புதிய கலங்கரை விளக்கம் நெட்டையாக நிற்கிறது. அருகே குழகர் கோயில். சுந்தரர் இங்கே வந்தபோது, கடற்காற்று மோதும் இந்தக் கரையில், காட்டின் நடுவே, துணை யாருமின்றித் தனியே இருக்கின்றாயே என்று இறைவனுக்காக இரங்கிப் பாடினார். கடவுளிடம் வரம் கேட்ட அடியார்கள் பலர். கடவுளின் தனிமைக்கு வருந்தியவர் எத்தனை பேர்? இதை நான் அவளிடம் சொன்னபோது அவள் சந்நிதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "தோழர் இல்லையா அவர்? அதான் கேட்டிருக்கார்" என்றாள். தம்பிரான் தோழர் என்று சுந்தரருக்குப் பெயர் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

வனத்துறைச் சாவடியில் கட்டணம் செலுத்தினோம். நெகிழிப் பை இருக்கிறதா என்று சோதித்தார்கள். "குரங்குக பொல்லாததுங்க, பையை மார்போட அணைச்சுக்குங்க" என்று ஒரு காவலர் எச்சரித்தார். 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. மலைக்காடு போல ஓங்கி வளர்ந்த காடு அன்று; அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கடற்காற்றுக்குக் குனிந்து, கிளைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டைக் காடு. மழை குறைந்த கரையோரத்தில் இப்படி என்றும் பசுமையாய் ஒரு காடு நிற்பது அரிது. சோழமண்டலக் கடற்கரையில் இவ்வகைக் காடுகளில் எஞ்சியவை கொஞ்சமே. உலக்கைப் பாலைதான் இங்கே அரசன். அடிமரம் இரும்பு போல இருக்கும். அதன் கீழே களாவும் காரையும் சூரையுமாக முட்புதர். பாதை மணல், கால் புதையும். நடப்பதற்கு இதைவிட நல்ல தண்டனை இல்லை. விரைந்து நடக்கவே முடியாது.

ஆனால் நான் விரைந்துதான் நடந்தேன். எப்போதும் அப்படித்தான். கடைக்குப் போனாலும், துக்க வீட்டுக்குப் போனாலும் நான் பத்தடி முன்னே, அவள் பத்தடி பின்னே. இதை இழிவாக நான் நினைத்ததில்லை. கால் நீளம் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "ஏங்க, நில்லுங்க" என்று மெல்லிய குரல். திரும்பினேன். நான் தாண்டி வந்த புதரின் அடியில், கையெட்டும் தூரத்தில், ஒரு புள்ளிமான் குட்டி காதை விறைத்துக்கொண்டு நின்றது. நான் அதைக் கடந்தே வந்திருக்கிறேன். இன்னும் சற்றுப் போனதும் மறுபடி, "நில்லுங்க." இம்முறை ஒரு மரப்பொந்தில் சிறு ஆந்தை, பட்டையின் நிறமே அதன் நிறம். மூன்றாம் முறை அவள் அழைக்கு முன்பே நான் நின்றுவிட்டேன். அவள் சிரித்தாள். "ஒண்ணும் இல்லை, செருப்பில் முள்" என்றாள்.

ஓரிடத்தில் பெரிய பாலை ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. கஜாவின் கைவேலை. அந்தப் புயல் இந்தக் காட்டில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. வெளிமான்களும், இங்கே காட்டுக் குதிரைகளாகத் திரியும் மட்டக் குதிரைகளும் பல மாண்டன. சாய்ந்த மரத்தின் தூரிலிருந்து தளிர் கிளம்பி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவள் அதன் இலையைத் தடவிப் பார்த்தாள். "இதுக்கு யாரும் தண்ணி ஊத்தலை" என்றாள். எனக்கு நெஞ்சில் ஏதோ இடித்தது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் முன்னே நடந்துவிட்டாள்.

இராமர் பாதம் என்பது ஒரு சிறு மணல்மேடு. சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் இதுவே மலை போலத் தோன்றும். மேலே ஒரு மண்டபத்தில் கல்லில் செதுக்கிய இரு பாதங்கள். படியில் உட்கார்ந்து தூக்குப் பாத்திரத்தைத் திறந்தோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய். பாதி உண்டிருப்போம். அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் கை வந்து சேருமுன் வேறொரு கை வந்தது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு தாட்டியான குரங்கு பொட்டலத்தோடு மண்டபத்தின் உச்சியில் இருந்தது. நிதானமாகப் பிரித்து, முகர்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல காலம் ஆயிற்று.

இதுதான் வேளை என்று எண்ணி, சுற்றி வளைத்துத் தொடங்கினேன். இராமர் கதையில் ஆரம்பித்தேன். இலங்கைக்குப் போகும் வழி தேடி இராமர் இந்த மேட்டில் நின்று பார்த்தாராம். இங்கிருந்து தெரிந்தது இராவணன் அரண்மனையின் பின்புறமாம். பின்வாசல் வழியாகப் போவது வீரனுக்கு அழகன்று என்று எண்ணித் தனுஷ்கோடிக்குப் போய்விட்டாராம். இந்தப் பக்கத்து ஊர்களில் சொல்லும் கதை இது.

அவள் தூக்குப் பாத்திரத்தை மூடினாள். "ராமருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"தம்பி பத்து நாளைக்கு முன்னாலேயே சொல்லிட்டான். அப்பா சரின்னுட்டாங்க, நீ எப்பம்மா சாமானைக் கட்டப்போறேன்னு கேட்டான். நீங்க எப்போ சொல்லுவீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னைக்குக் காலையில் அல்வா வாங்கினப்போ, சரி, இன்னைக்குத்தான்னு நினைச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மேலே குரங்கு காகிதத்தை நக்கிக்கொண்டிருந்தது. நான் ஏதேதோ சொன்னேன். வயதான காலம், மருத்துவமனை வசதி, பேத்தி, முட்டிவலி. எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். மகனும் பாசத்தால்தான் அழைக்கிறான். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் எதையும் மறுக்கவில்லை. எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, "வாங்க, கடலுக்குப் போவோம். வெயில் ஏறுது" என்றாள்.

காட்டைத் தாண்டியதும் புல்வெளி விரிகிறது. அங்கேதான் வெளிமான்கள். நம் பழைய நூல்கள் இரலை என்றும் புல்வாய் என்றும் சொல்வது இதைத்தான். ஆண் மானுக்கு முதுகு கருமை, வயிறு வெண்மை, முறுக்கிய கொம்பு. பெண்ணுக்குக் கொம்பில்லை, நிறம் காய்ந்த புல். ஓர் ஆண் தலையை நிமிர்த்திக் கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு, தன் எல்லையைக் காக்கும் மிடுக்கோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தது. பெண்மான்கள் அதைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. எங்கோ ஒரு சத்தம். ஒரு பெண்மான் நின்ற இடத்திலிருந்தே ஆள் உயரம் எம்பித் தாவியது. அடுத்தடுத்து எல்லாம் தாவின. அந்த ஆணும் மிடுக்கை மறந்து பின்னால் ஓடியது. மற்ற நாளாயிருந்தால் அவள் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று சொல்லவில்லை. சொல்லாததுதான் கேட்டது.

மணல் வழியில் நெடுநேரம் பேசாமல் நடந்தோம். நான் பின்னால் நடந்தேன். அவள் இடது காலை லேசாகச் சாய்த்து வைப்பதை அன்றுதான் கவனித்தேன். முட்டிவலி என்று காதால் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. முன்னே நடப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

கோடிக்கரைக் கடல் நீலக்கடல் அன்று. கலங்கிய, சேறு கலந்த, உழைக்கிற கடல். தமிழகக் கரை தெற்கு நோக்கி வந்து இந்த முனையில் மேற்கே மடங்குகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பாக் நீரிணை. அதற்கப்பால் யாழ்ப்பாணக் கரை. பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்களின் வாடிகள், காயும் கருவாடு, வலை பிரிக்கும் பெண்கள். மணலில் அடம்பங்கொடி படர்ந்திருந்தது. கரையோரம் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடத்தின் இடிபாடு கிடக்கிறது. நான் மாணவர்களை முதன்முதலில் அழைத்து வந்தபோது அது ஓரளவு நின்றுகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அதையும் சாய்த்துவிட்டது. கல்கி 1950-இல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' கதையில் பூங்குழலி படகு விட்ட கரை இதுதானே என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவி கேட்பாள். ஆமாம் என்பேன். இல்லாத பூங்குழலியை எல்லோருக்கும் தெரியும். இருந்த கலங்கரை விளக்கத்தைக் கட்டிய கொத்தனை யாருக்கும் தெரியாது.

அலை கால் நனைக்கும் இடத்தில் அவள் நின்றாள். நான் அருகில் போய் நின்றேன். அப்போதுதான் பேசினாள்.

"நான் வரமாட்டேன்னு சொல்லலை. வந்தாலும் வருவேன். பேத்தி முகம் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா பதினோரு வருஷம் மாறுதல் ஆணை வந்தப்பல்லாம் ஒரு வார்த்தை கேட்பீங்க, என்ன செய்யலாம்னு. செய்ய ஒண்ணும் இருக்காது, போய்த்தான் ஆகணும். அப்போ கேட்டீங்க. இப்போ செய்ய நமக்கு வழி இருக்கு. இப்போ கேட்கலையே?"

இதற்கு எந்த நூலிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். "தப்புதான்" என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் இந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணினால் ஒரு கை விரல் மிச்சம் இருக்கும்.

பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் தென்னையைப் பற்றிப் பேசினாள். பாளை விட்ட மரத்தில் குரும்பை உதிர்கிறதாம். உப்பும் சாம்பலும் வைக்க வேண்டுமாம். மற்ற பத்தொன்பதில் எது எது இந்த ஆண்டு பாளை விடும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறு நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்ப்பதும், அவள் கையசைத்தால் ஒளிவதுமாக இருந்தன. பொழுது சாயும் வேளையில் தலைக்கு மேல் பறவைகள் வரிசை வரிசையாகக் கடந்தன.

பேருந்து நிறுத்தத்தில் மகனை அழைத்தேன். "தம்பி, நான் சரின்னு சொன்னது தப்பு. அம்மாவைக் கேட்காமல் சொல்லிட்டேன். இனிமே அம்மாகிட்டப் பேசு" என்று சொல்லிக் கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டாள். குரங்கு அல்வாவைத் தின்ற கதையைச் சொன்னாள். வீட்டைப் பற்றி அவன் கேட்டிருக்க வேண்டும். "சித்திரை வரைக்கும் யோசிக்கிறேன்ப்பா" என்றாள். இந்தக் கட்டுரையை எழுதும் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் மறுபடி கேட்கவில்லை, அவளாகச் சொல்லட்டும்.

ஊரில் இறங்கியபோது இரவு மணி ஒன்பது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. வழக்கம்போல விறுவிறுவென்று நான்கு எட்டு வைத்தேன். டார்ச் விளக்கு அவள் கையில் இருந்தது. நின்றேன். அவள் வந்து சேர்ந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைப் பக்கம் போய், விளக்கை அந்த மரத்தின் உச்சிக்குத் திருப்பி, குரும்பைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.